கூரை போட்டுவிட்டு விமானத்தைக் கேளுங்கள்

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "பறக்கவே போகாத பிளேனுக்கு எதுக்கு சார் ஷெட்டு?"

பக்கத்து ஊர்க் கல்லூரி வாசலில் நின்ற கிரண் விமானத்தைப் பற்றித்தான் பேச்சு. நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். பஸ்ஸில் போகும்போது குழந்தைகளுக்குக் காட்டாதவர்கள் இல்லை. 2018 நவம்பரில் கஜா வந்த இரவில் அது பீடத்திலிருந்து பிய்ந்து விழுந்தது. அன்றிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இறக்கை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாகக் கிடக்கிறது. இப்போது பழைய மாணவர்கள் சிலர் பணம் திரட்டுகிறார்கள். தூக்கி நிறுத்தி, பெயின்ட் அடித்து, மறுபடி வாசலில் வைக்க வேண்டுமாம். எடைக்குப் போட்டு வேறு நல்ல காரியத்துக்குச் செலவழியுங்கள் என்பது இன்னொரு கட்சி. விமானப்படையில் இருபது வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் இரண்டு கட்சியும் என்னிடம் வந்தது. நான் இரண்டிலும் சேரவில்லை. ஏன் என்று நடையில் நின்றபடி சொல்லி முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம், கனெக்டிகட் மாநிலம். மனைவிக்குப் பேரனோடு பொழுது போய்விடும். எனக்குத்தான் திண்டாட்டம். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இங்கே பிராட்லி ஏர்போர்ட் பக்கத்துல பழைய பிளேன் மியூசியம் ஒண்ணு இருக்கு" என்று காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். சாயங்காலம் வந்து கூப்பிடும்வரை நான் வெளியே வரவில்லை. அடுத்த வாரமும் போனேன்.

நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகம் என்பது அதன் இன்றைய பெயர். அரசாங்கம் ஆரம்பித்ததில்லை. கனெக்டிகட் விமான வரலாற்றுச் சங்கம் என்று ஆர்வலர்கள் சேர்ந்து வைத்த அமைப்பு, யார் யாரிடமோ கேட்டு வாங்கி, உடைப்புக்குப் போகவிருந்ததைக் காப்பாற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்தது. 1968-இல் பிராட்லி விமான அருங்காட்சியகம் என்ற பெயரில் திறந்தார்கள். விமானங்கள் கூடிக்கொண்டே போயின, கூரை கூடவில்லை. பெரும்பாலானவை திறந்தவெளியில்தான் நின்றன.

1979 அக்டோபர் 3, புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு வின்ட்சர், வின்ட்சர் லாக்ஸ் ஊர்களின் மேல் ஒரு டொர்னாடோ இறங்கியது. அந்தப் பக்கத்தில் அக்டோபரில் டொர்னாடோவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நமக்குப் புயல் என்றால் நான்கு நாள் முன்னதாகவே டி.வி.யில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். டொர்னாடோவில் அந்த அவகாசமெல்லாம் கிடையாது. மூன்று பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயமடைந்தார்கள், வீடுகள் தரைமட்டமாயின. பிராட்லியில் இறங்க வந்த ஒரு பயணி விமானம் கடைசி நேரத்தில் மேலேறித் தப்பித்தது. அருங்காட்சியகத்தின் ஹாங்கர் சேதமாயிற்று. வெளியே நின்ற விமானங்களைக் காற்று தூக்கி எறிந்தது. இருபதுக்கும் மேற்பட்டவை நாசம். குளோப்மாஸ்டர் என்று மாடிவீடு உயரத்துக்கு ஒரு சரக்கு விமானம், அதுவும் போயிற்று.

அந்தப் படங்களை அங்கே பார்த்தபோது எனக்கு நம் தென்னந்தோப்புகள்தான் நினைவுக்கு வந்தன. கஜாவுக்கு மறுநாள் காலை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு கனமான பொருளைக் காற்று எப்படித் தூக்கும் என்று நண்பர் கேட்டார். விமானத்தை அப்படித்தானே செய்திருக்கிறார்கள்! காற்று மேலும் கீழும் ஓடினால் மேலே எழும்பு என்பதுதான் இறக்கையின் வேலை. காற்றைக் கிழித்துக்கொண்டு அது ஓடினாலும் ஒன்றுதான், அது நிற்கக் காற்று அதன்மேல் ஓடினாலும் ஒன்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். போதாக்குறைக்கு, காட்சிக்கு வைக்கும் விமானத்தில் பெரும்பாலும் எஞ்சின் இருக்காது, எரிபொருள் இருக்காது, எடை பாதியாகக் குறைந்திருக்கும். சங்கிலியால் தரையோடு பிணைத்து, மூக்கைக் காற்றடிக்கும் திசைக்குத் திருப்பி, அசையும் பாகங்களைப் பூட்டி வைத்தால் சாதாரணக் காற்றுக்குத் தாங்கும். எங்கள் ஸ்குவாட்ரனில் மேகம் கறுத்தால் முதல் ஓட்டம் அதற்குத்தான், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறோம். கல்லூரி வாசல் கிரணோ ஒரு சிமென்ட் மேடையில் மூன்று குழாய்மேல் நின்றது. மூக்கு வேறு மேலே பார்த்து, பறக்கிற தோரணையில்! காற்றுக்கு அதைவிட வசதியான நிலை கிடையாது. கஜா வரைக்கும் நின்றதே பெரிது.

ஹாங்கர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஹாங்கருக்குக் கதவுதான் பலவீனம். அவ்வளவு அகலக் கதவு ஒரு இடத்தில் வளைந்து கொடுத்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து முட்டும். மேலே ஓடும் காற்று அதே கூரையை இழுக்கும். குடை திருப்பிக்கொள்வது போலத்தான். அப்புறம் கூரையே விமானத்தின் தலையில் விழும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி மியாமி பக்கம் வந்தபோது டாமியாமி விமான நிலையத்தில் இருந்த வீக்ஸ் அருங்காட்சியகம் இப்படிக் கட்டடத்தோடு சிதைந்தது.

2008-இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் நடந்தது இன்னொரு மாதிரி. ஐக் சூறாவளி கடலைக் கொண்டுவந்து அங்கிருந்த லோன் ஸ்டார் அருங்காட்சியகத்துக்குள் விட்டது. பறக்கும் நிலையில் இருந்தவற்றை முன்னதாகவே வேறு ஊருக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். பறக்க முடியாதவை உப்புத் தண்ணீரில் நின்றன. இதை நான் அடிக்கடி யோசிப்பேன். பழுதுபார்க்கும் கொட்டகையில் இருப்பது என்ன? இறக்கை கழற்றியது, எஞ்சின் இறக்கியது, பாதி உரித்தது. ஆபரேஷன் மேஜையில் வயிற்றைத் திறந்துபோட்ட நோயாளி மாதிரி. ஓடித் தப்பிக்க வழியே இல்லாத விமானங்கள்தான் அங்கே படுத்திருக்கும். ஊரிலேயே உறுதியான கட்டடம் அதற்குத்தான் வேண்டும். நடைமுறையில் தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது யாரும் கேட்காத பழைய தகரக் கொட்டகைதான். கால்வெஸ்டன்காரர்கள் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு 2017-இல் தீவை விட்டே கிளம்பி, ஹூஸ்டனில் எல்லிங்டன் விமான நிலையத்துக்கு மாறிவிட்டார்கள்.

கனெக்டிகட் விஷயத்துக்கு வருகிறேன். 1979-இல் அந்தச் சங்கத்தார் கலைந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரே வீடிழந்து நிற்கும்போது பழைய விமானத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஆனால் அவர்கள் இரண்டே ஆண்டில், 1981-இல், புதிய கட்டடத்தில் திறந்தார்கள். தேற்ற முடிந்ததைத் தேற்றினார்கள், முடியாததை உதிரிப் பாகத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அன்று பலத்த சேதமடைந்தவற்றில் ஒரு பி-29 உண்டு. இரண்டாம் உலகப்போரின் ராட்சத குண்டுவீச்சு விமானம். அது இப்போது முழுதாக நிற்கிறது, தனக்கென்று ஒரு ஹாங்கருக்குள். அந்த ஹாங்கரை 2003-இல் 58-ஆவது பாம்பர் விங்கின் நினைவிடமாக வைத்தார்கள். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். கரக்பூர், சாகுலியா, பியார்டோபா, டுத்குண்டி என்று நம் வங்காளப் பக்கத்து ஊர்ப் பெயர்கள்! 1944-இல் அந்த விங் அங்கிருந்துதான் இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் போய்வந்தது. நான் எழுபதுகளில் வேலை பார்த்த கலைகுண்டா கரக்பூருக்குப் பக்கத்தில்தான். வரைபடத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலையின் சீனன்குடா ஓடுதளத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29-கள் ஒரே இரவில் கிளம்பி சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைவரை போயிருக்கின்றன. நம் கடலுக்கு மேலே பறந்த ஜாதி விமானம் அது. கையால் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாதுதான்.

இன்னொன்று விஎஸ்-44. தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகு. 1940-களின் தொடக்கத்தில் அதே மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற ஊரில் சிகோர்ஸ்கி தொழிற்சாலையில் செய்தது. மொத்தம் மூன்றுதான் செய்தார்கள், மிஞ்சியது இது ஒன்று. அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து, வயதான காலத்தில் கரீபியன் தீவில் அடிபட்டுக் கிடந்ததைக் கொண்டுவந்து, எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்துச் சுமார் பத்து ஆண்டு செப்பனிட்டார்கள். செய்தது யார்? பெரும்பாலும் அந்தத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற தொழிலாளிகள். இளவயதில் அதே விமானத்தைக் கட்டியவர்கள்கூட அதில் இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டியபின் தன் கையால் அடித்த ரிவெட்டைத் தானே பிடுங்கிப் புது ரிவெட் அடிப்பது எப்படி இருக்கும்? சம்பளமும் கிடையாது. நம் வயதுக்காரர்களுக்கு அது புரியும்.

அங்கே தொப்பி போட்ட ஒரு முதியவர், தன்னார்வலர், என்னோடு வெகுநேரம் பேசினார். நானும் ஃபிட்டர் என்று தெரிந்ததும் கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார். குனிந்து ஒரு வரிசை ரிவெட்டைக் காட்டி, "இதில் பன்னிரண்டு நான் அடித்தது, எது கோணல் சொல்" என்றார். எனக்கு ஒன்று தெரிந்தது. சொல்லவில்லை.

இப்போது அந்த நண்பரின் கேள்வி. பறக்காத விமானத்துக்கு எதற்கு ஷெட்?

பறக்கிற விமானத்தைவிடப் பறக்காத விமானத்துக்குத்தான் அது அதிகம் தேவை என்பேன். பறக்கிறதை ஒருவன் தினமும் பார்ப்பான். நிற்கிறதை யாரும் பார்ப்பதில்லை. புயல் ஒரே இரவில் செய்ததை மழை இருபது வருஷத்தில் செய்யும். வித்தியாசம் அவ்வளவுதான். கஜா தள்ளிய கிரணைப் போய்ப் பார்த்தேன். இறக்கை ஒடிந்த இடத்தில் உலோகம் அடுக்கு அடுக்காகப் பிரிந்து, பரோட்டா மாதிரி, நடுவே வெள்ளைப் பொடி. அலுமினியத்துக்கு அதுதான் துரு. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியத்தைத் தின்றுவிடும். வயிற்றுப் பக்கம் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சின்னத் துளைகளைப் பெயின்டர் பட்டி பார்க்கிறேன் என்று அடைத்திருக்கிறார். வால் பக்கம் மைனாக் கூடு. குடியரசு தினத்துக்கு முன்னால் பளபளவென்று பெயின்ட் அடித்தபோதெல்லாம் உள்ளே இருந்த ஈரத்தின்மேல் மூடி போட்டிருக்கிறார்கள். கஜா அதைக் கொன்றது என்று சொல்வது கஜாவுக்கு அநியாயம்.

ஆகவே மறுபடி வாசலில் நிறுத்தப் பணம் கேட்டால் நான் தரமாட்டேன். அது இன்னொரு கஜாவுக்குப் படையல். எடைக்குப் போடவும் சம்மதிக்க மாட்டேன். பெங்களூரில் நம் ஆட்கள் வடிவமைத்து நம் ஆட்கள் கட்டிய ஜெட். ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள்.

மக்கள் குடிசை இழந்து நின்றபோது இதெல்லாம் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். 2018-இல் கேட்டிருந்தால் பேசக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன், அப்போது நானும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, பீடத்துக்கும் பெயின்ட்டுக்கும் பணம் திரட்டும்போதுதான் பேசுகிறேன். அதே பணத்தைக் கூரைக்குப் போடுங்கள் என்கிறேன். கிரணுக்கு இறக்கை நுனிக்கு நுனி சுமார் 35 அடி, நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. 45 அடிக்கு 45 அடி போதும், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம். இரும்புத் தூண், நல்ல அஸ்திவாரம், மூன்று பக்கம் செங்கல் சுவர். கதவு வேண்டாம், நாலாவது பக்கம் கம்பிக் கிராதி போதும். அது காற்றின் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இங்கே பலத்த காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று எந்தத் தென்னை விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

வேலைக்கு ஆள்? நம் தாலுகாவில் மட்டும் விமானப்படையில் ஓய்வுபெற்றவர்கள் என்று எனக்குத் தெரிந்து நாலு பேர் இருக்கிறோம். ஒருவர் எஞ்சின், ஒருவர் எலெக்ட்ரிகல், நானும் இன்னொருவரும் ஏர்ஃப்ரேம். வாரத்தில் இரண்டு நாள் வருகிறோம், சம்பளம் வேண்டாம், டீ கொடுத்தால் போதும், பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேரைக் கூடவிடுங்கள் என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. பதில் இல்லை. நேரில் போனால் "மேனேஜ்மென்ட்ல பேசிட்டு சொல்றோம் ஐயா" என்கிறார்கள்.

நாலு பேரில் மூத்தவருக்கு எண்பத்தொன்று. போன மாதம் கண் ஆபரேஷன் முடிந்தது. ரிவெட் வரிசை இப்போது தெளிவாகத் தெரிகிறதாம், என்றைக்கு ஆரம்பிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் போன் பண்ணிக் கேட்கிறார்.