வக்பு செய்யப்பட்ட மருந்து

சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிதாகிவிட்டது. அம்மருந்தைக் குறித்து நம்மவர் கூடும் இடங்களில் இன்றும் எழும் கேள்வி ஒன்றே: "அதில் பன்றி கலந்திருக்கிறதாமே?" கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பதே என் வாதம்.

ஒரு காலத்தில் அக்கேள்வியில் நியாயம் இருந்தது. 1922 முதல் அறுபது ஆண்டுகள் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. எட்டு அவுன்ஸ் மருந்துக்கு இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் குற்றமாகாது என மார்க்கம் இடம் தந்திருந்தும், மனம் கூசியபடியே ஊசி ஏற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கூச்சத்தைத் தீர்த்தது உயிரித் தொழில்நுட்பமே. 1978இல் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் என்னும் சிறு நிறுவனத்தாரும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்களும் மனித இன்சுலினுக்குரிய மரபணுக்களைச் செயற்கையாகக் கோத்து, ஈகோலை என்னும் பாக்டீரியாவினுள் புகுத்தினர். அந்த நுண்ணுயிர் இன்சுலினின் இரு இழைகளையும் செய்து தந்தது. இணைத்தபோது மனித உடலில் சுரப்பதற்கு ஒப்பான மருந்தாயிற்று. எலி லில்லி நிறுவனம் அதனை ஹியூமுலின் என்ற பெயரில் விற்க 1982இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. பின்னர் ஈஸ்டைக் கொண்டும் பிறர் செய்தனர். இன்று விற்பனையாகும் இன்சுலின் ஏறக்குறைய முழுவதும் இவ்வகையினதே. ஐயமிருப்பவர் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துத் தெளியலாம். வதந்தியை நம்பி ஊசியை நிறுத்துவது பேணுதல் ஆகாது, அறியாமை.

கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இம்மருந்து யாருடைய சொத்து?

டொரான்டோவில் இதனைக் கண்டறிந்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923இல் தம் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டனர், அவ்வளவே. நம் மொழியில் சொன்னால், மருந்தை மனித குலத்துக்கு வக்பு செய்தனர். ஆனால் வக்புச் சொத்து முத்தவல்லியின் கைக்குப் போனபின் என்ன ஆகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை அன்றோ!

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், மறுக்கவில்லை. 1996இல் எலி லில்லி கொணர்ந்த ஹியூமலாக், முந்தைய வகையைவிட விரைந்து வேலை செய்வது. அதற்குரிய ஊதியம் அவர்களைச் சேரட்டும். ஆனால் அன்று அமெரிக்காவில் 21 டாலராக இருந்த ஒரு குப்பியின் பட்டியல் விலை 2019இல் சுமார் 275 டாலர். குப்பியினுள் இருந்தது அதே மருந்து. அந்நாட்டில் காப்பீடு இல்லாதவர்கள் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதனால் மாண்டவர்களும் உண்டு. இவ்வகை இன்சுலினை இலாபமும் சேர்த்து ஒரு நோயாளிக்கு ஓராண்டு முழுவதும் 78 முதல் 133 டாலருக்குள் தரமுடியும் என 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஓராண்டு மருந்தின் விலையைப்போல் இருமடங்கு ஒரே குப்பிக்கு! 2023இல் பழி மிகுந்தபோது அதே நிறுவனம் 70 விழுக்காடு விலைக்குறைப்பை அறிவித்தது. அங்ஙனம் குறைக்க முடியுமாயின், அதுகாறும் வாங்கியதற்கு என்ன பெயர் சூட்டுவது?

நம் நாட்டில் நிலைமை அவ்வளவு கொடிதன்று. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004இல் ஈஸ்டைக் கொண்டு தானே இன்சுலின் செய்து சந்தைக்குக் கொணர்ந்தது. எனினும் அசந்திருக்க இயலாது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்கிறது 2023இல் வெளியான தேசிய ஆய்வு. பலரும் பழகிய மிக்ஸ்டார்ட் மனித இன்சுலினின் பேனா வகையை இந்தியாவிலிருந்து விலக்கிக்கொள்வதாக 2025இல் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் அறிவித்தது. குப்பி வகை தொடரும் என்றார்கள். கைநடுங்கும் முதியவர் குப்பியிலிருந்து ஊசியில் அளந்தெடுக்கட்டும், இல்லையேல் விலை கூடிய புதிய வகைக்கு மாறட்டும் என்பதே இதன் பொருள். பன்றியைப் பற்றி வாரந்தோறும் விவாதிக்கும் நம்மவருள் எத்தனை பேர் இந்த அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்கள்?