பெயர் இழந்த சிப்பியும் பெயர் பெற்ற சிப்பியும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் குவாடலூப் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் அடிமணலில் பாதி புதைந்து கிடக்கும் இரண்டு வகைச் சிப்பிகளுக்கு 2018-ம் ஆண்டில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஒன்றுக்கு இருந்த பெயர் பறிபோயிற்று. மற்றொன்றுக்கு இல்லாத பெயர் கிடைத்தது. சிப்பிகள் என்னவோ கிடந்த இடத்திலேயேதான் கிடந்தன. ஆனால் ஆறு வருஷம் கழித்து அரசாங்கம் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டபோது, பெயர் பெற்ற சிப்பி அதில் இருந்தது. பெயர் இழந்தது இல்லை. இந்த வழக்கில் முக்கிய சாட்சி சொன்னவை ஜீன்கள் எனப்படும் பரம்பரைக் கூறுகள்.

ஒரு சிப்பிக்காக இவ்வளவு அமர்க்களமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆற்றுச் சிப்பியை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அதற்குத் தலை கிடையாது. இருந்தும் அது செய்கிற வேலை பெரிது. ஆற்றுநீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்ணிய பாசியையும் கசடையும் வடிகட்டிவிட்டு, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. சில இனங்கள் நூறு வயதையும் தாண்டி வாழ்கின்றன. அதன் குஞ்சுகளோ பெரும்பாலும் ஏதாவது ஒரு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில காலம் ஓசிச் சவாரி செய்தால்தான் பிழைக்கும். ஓடியாட முடியாத தாய், மீனை எப்படி வரவழைப்பது? லாம்ப்சிலிஸ் என்ற வகையில் சில தாய்ச் சிப்பிகள், தம் உடலின் ஓரச் சதையை ஒரு சின்ன மீனைப் போலவே, கண்ணும் வாலும் இருப்பதாகத் தோன்றும்படி, நெளித்துக் காட்டுகின்றன. இரை கிடைத்தது என்று பெரிய மீன் பாய்ந்து கவ்வும். கவ்விய வாய்க்குள் குஞ்சுகள் கொட்டும். கண்ணில்லாத பிராணி கண்ணுள்ள பிராணியை ஏமாற்றும் இந்த வித்தையை எண்ணி எண்ணி வியக்கலாம்.

உலகில் 900-க்கு மேற்பட்ட ஆற்றுச் சிப்பி இனங்கள் உண்டு என்பது இன்றைய கணக்கு. அவற்றில் ஏறக்குறைய 300 வட அமெரிக்காவில் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டுகளில் இந்தக் கணக்கு இப்படியா இருந்தது? பிலடெல்பியா நகரில் புத்தகப் பிரசுரம் நடத்திவந்த ஐசக் லீ என்பவர், 1886-ல் இறக்குமுன் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பி, நத்தை இனங்களுக்குப் பெயர் சூட்டிவிட்டார். இந்தியக் குளங்களில் கிடைக்கும் லாமெல்லிடென்ஸ் கோரியானஸ் என்ற சிப்பிக்கு 1834-ல் பெயரிட்டவரும் அவரே. பிரான்ஸில் பூர்கினா என்ற பண்டிதரும் அவருடைய கூட்டத்தாரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஓடு சற்று நீண்டிருந்தால் ஓர் இனம், சற்று உருண்டிருந்தால் வேறோர் இனம். ஐரோப்பாவில் இன்று மிகச் சில இனங்களே ஒப்புக்கொள்ளப்படுகின்றன. அவர்கள் காலத்தில் பெயர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன.

அவர்களை ஒரேயடியாகப் பழிக்கவும் முடியாது. கையில் இருந்தது ஓடு ஒன்றுதான். ஓடோ ஆற்றின் போக்குக்குத் தக்கபடி மாறும். ஒரே இனச் சிப்பி ஆற்றின் மேற்பகுதியில் தட்டையாகவும், கீழே வர வர உப்பியும் இருப்பதை ஆர்ட்மன் என்ற அறிஞர் 1920-லேயே எடுத்துக் காட்டினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் உடம்பு வேறுபட்டால் வேறு வேறு குலம் என்று எழுதிவைத்த கதைதான்.

ஓடு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சாட்சி உண்டு. கர்நாடகத்தின் பத்ரா நதியில் சூடோமுல்லேரியா என்று ஒரு சிப்பி இருக்கிறது. 1898-ல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானது. மற்ற ஆற்றுச் சிப்பிகளைப் போல மணலில் கிடக்காமல், கடல் சிப்பி மாதிரி பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டுவிடும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இதே மாதிரி பாறையில் ஒட்டும் ஆற்றுச் சிப்பிகள் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தார்கள். மூன்று நிலப்பரப்புகளும் ஒன்றாயிருந்த ஆதிகாலத்து உறவு என்று நினைக்கவும் இடமிருந்தது. 2000-ம் ஆண்டில் ஜீனைச் சோதித்த ஆராய்ச்சி வெளிவந்தது. பத்ரா சிப்பி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. மணலில் கிடக்கும் சாதாரண ஆற்றுச் சிப்பிகளின் குடும்பம்தான் அதன் குடும்பம் என்று தெரிந்தது. பாறையில் ஒட்டும் வித்தையை அது தனியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ஜீன் சொல்வதே வேதவாக்கா? அப்படியும் சொல்வதற்கில்லை. பெரும்பாலான பிராணிகளில் மைட்டோகாண்ட்ரியா என்ற உயிரணுப் பகுதியின் ஜீன்கள் தாயிடமிருந்தே வரும். இனம் பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவதும் இவற்றையே. பல ஆற்றுச் சிப்பிகளிலோ தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று இரண்டு ஓடுகின்றன. ஆண் சிப்பியின் விந்தணுவில் இருப்பது தகப்பன்வழி. இவ்விரண்டும் பிரிந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்று மதிப்பிடுகிறார்கள். விஷயம் தெரியாதவர் உடலின் தவறான பகுதியிலிருந்து துளி எடுத்துச் சோதித்தால், ஒரே சிப்பி இரண்டு அந்நியர்களாகத் தெரியும்!

இனி குவாடலூப் ஆற்றுக்கு வருவோம். 2011-ம் ஆண்டில் அமெரிக்க வனவிலங்கு இலாகா, டெக்ஸாஸ் சிப்பிகள் ஐந்து பாதுகாப்புக்குத் தகுதியானவை, ஆனால் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று அறிவித்தது. அவற்றுள் ஒன்று 'பொன்னுருண்டை'. மற்றொன்று 'டெக்ஸாஸ் பருமுதுகு'. 2018-ல் ஜீனையும் ஓட்டின் அளவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, பொன்னுருண்டை தனி இனமல்ல, மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தில் பரவலாக வாழும் சாதாரணப் பருமுதுகுச் சிப்பியே அது என்று முடிவாயிற்று. அதே ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சி, குவாடலூப் ஆற்றில் 'டெக்ஸாஸ் பருமுதுகு' என்று கருதப்பட்டது உண்மையில் வேறோர் இனம் என்று கண்டு, 'குவாடலூப் உருண்டை' என்று அதற்குப் பெயரிட்டது. 2024 ஜூனில் அது அபாய நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது.

பொன்னுருண்டையின் பெயரை எடுத்திருக்க வேண்டாம், பெயர் இருந்திருந்தால் ஆறாவது பிழைத்திருக்குமே என்று அனுதாபப்படத் தோன்றும். அந்த அனுதாபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல காரியத்துக்காக என்று பொய்க் கணக்கு எழுதத் தொடங்கினால், நாளை அணை கட்டுகிறவரும் தமக்கு வேண்டிய கணக்கை எழுதும்படி கேட்பார். விஞ்ஞானி கண்டதைச் சொல்லிவிட்டார். கோளாறு சட்டத்தில் இருக்கிறது.

1973-ல் பிறந்த அந்த அமெரிக்கச் சட்டப்படி, மீன், பறவை, மிருகம் போன்ற முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. இனம் முழுவதும் ஆபத்தில் இல்லாவிட்டாலும், ஒரு வட்டாரத்தில் வாழும் கூட்டத்தை மட்டும் தனியாகக் காப்பாற்றலாம். முதுகெலும்பு இல்லாதவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. தனி இனம் அல்லது துணை இனம் என்று நிரூபிக்கவேண்டும். பொன்னுருண்டைக்கு முதுகெலும்பு இருந்திருந்தால், அதன் பெயர் போனபின்பும் குவாடலூப் கூட்டத்துக்காக வாதாட வழி இருந்திருக்கும். ஆற்று நீரைச் சுத்தம் செய்வதற்கு முதுகெலும்பு எதற்கு என்று அந்நாட்டுச் சட்டசபையினரைக் கேட்கவேண்டும்.

இதனால்தான் ஒரு பெயரின் மேல் இவ்வளவு பாரம் விழுகிறது. இரண்டு சிப்பிகளுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தனி இனம் என்பதை ஜீன் சொல்லாது. கோட்டைக் கிழிப்பவன் மனிதன். ஆகவே சோதனைச்சாலையில் இருப்பவருக்கு, முழங்கால் தண்ணீரில் குனிந்து மணலைத் துழாவும் ஆளின் அனுபவமும், காட்சிசாலைப் பெட்டியில் கிடக்கும் ஐசக் லீ காலத்துப் பழைய ஓடுகளும் வேண்டியிருக்கின்றன. இம்மூன்றில் எதற்குச் செலவைக் குறைத்தாலும் தீர்ப்பு ஊனப்படும்.

வேலையைத் துரிதமாகவும் செய்யவேண்டும். 2023 அக்டோபரில் அதே இலாகா, 21 இனங்கள் பூண்டோடு அழிந்துவிட்டன என்று அறிவித்து அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அவற்றில் எட்டு, ஆற்றுச் சிப்பிகள். அந்த எட்டுக்கும் பெயர் இருந்தது, சட்டத்தின் பாதுகாப்பும் இருந்தது. ஆனால் இந்த 21-ல் பெரும்பாலானவை, பட்டியலில் ஏறிய நாளிலேயே மிகக் குறைந்துபோயோ, ஒருவேளை முற்றிலும் மறைந்தேயோ இருந்தன என்று இலாகாவே சொல்லியிருக்கிறது.