கடல் கன்னிக்கு அளவு எடுங்க!

சுட்டீஸ்... ‘கடல் கன்னி படம் வரை’ என்றால் எப்படி வரைவீர்கள்? இடுப்புக்கு மேலே பெண். கீழே செதில் செதிலாக மீன் வால். மஞ்சள் கூந்தல், ரோஸ் கன்னம், ஒல்லி இடுப்பு... அப்படித்தானே?

எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை!

தூத்துக்குடி மாவட்டத்தில், கரிசல் பூமியில், புதியம்புத்தூர் என்று ஓர் ஊர். ரெடிமேட் துணி தைப்பதில் பெயர் பெற்றதால், ‘குட்டி திருப்பூர்’ என்பார்கள். அங்கே எந்தத் தையல்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அளவு இல்லாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். கடல் கன்னிக்கு மட்டும் ஏன் அளவு எடுக்காமலே உடம்பு தைக்கிறோம்?

அளவு கொடுக்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வாழும் ஆவுளியா! கடல் பசு என்றும் சொல்வார்கள். கிரேக்கக் கதைகளில் பாட்டுப் பாடியே மாலுமிகளை மயக்கும் ‘சைரன்’கள் உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான், இந்த விலங்கு வரிசைக்கு ‘சைரீனியா’ என்று விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். 1493 ஜனவரியில் கொலம்பஸ், மூன்று கடல் கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்றும் குறித்து வைத்தார். அவர் பார்த்தது ஆவுளியாவின் சொந்தமான மனாட்டி என்கிறார்கள். பாவம், அது என்ன செய்யும்!

சரி, வாலில் இருந்து ஆரம்பிப்போம். மீன் வால் செங்குத்தாக நிற்கும். இடமும் வலமுமாக ஆடும். ஆவுளியா பாலூட்டி. அதன் வால் படுக்கையாக இருக்கும். மேலும் கீழுமாக அடிக்கும். நீங்கள் குனிந்து நிமிர்ந்து பாருங்கள்... நம் முதுகெலும்பும் அப்படித்தான் வளைகிறது. ஆகவே, மனித முதுகு உள்ள கடல் கன்னிக்கு ஆவுளியா வால்தான் பொருந்தும். செதிலும் கிடையாது!

அடுத்து மூச்சு. செவுள் வைத்தால் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். ஆனால், தொண்டையில் காற்று போகாமல் நம்மைப் போல எப்படிப் பாடும்? நுரையீரல் வைத்தால் பாடலாம். சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்தாக வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

ஒல்லி இடுப்பும் ஆகாது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை வெகு வேகமாக உறிஞ்சிவிடும். தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லாவிட்டால் கடல் கன்னி வெடவெட என்று நடுங்க வேண்டியதுதான். நன்றாகக் கொழுகொழு என்று வரையுங்கள்.

கடல் கன்னிக்கு ஜோடி வேண்டுமா? மன்னார் வளைகுடாவில் கடல் குதிரையும் இருக்கிறது. அதில் அப்பாதான் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சு பொரிக்கும். பை வைத்த கடல் மனிதனை யாராவது வரைந்திருக்கிறார்களா?

‘கற்பனைதானே, எப்படி இருந்தால் என்ன?’ என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அளவு எடுத்தால்தான் கதையே கிடைக்கிறது! உங்கள் கடல் கன்னி ஆவுளியா மாதிரி கடல் புல் தின்கிறாள் என்று வையுங்கள். இழுவை வலை வந்து புல்வெளியை வழித்துப்போட்டால், அவள் எங்கே போவாள்? வலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாவிட்டால்?

ஆவுளியாவுக்கு இது கதை இல்லை, நிஜம். இந்தியக் கடல்களில் அவை மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அவற்றுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை மறுபடி கடலில் விட்ட மீனவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இவர்களையும் உங்கள் கதையில் சேர்க்க வேண்டும்.

படத்தில் குட்டிக்கும் இடம் விடுங்கள். ஒன்றே ஒன்று போதும். ஆவுளியா ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து, ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்குப் பல வருடங்கள் ஆகும். பால் காம்பு முன் துடுப்பின் அக்குள் பக்கம் இருக்கும். குட்டியை அங்கே ஒட்டி வரையுங்கள்!