ஆரோடை போறியள்?

எங்கடை சமூகத்தில் அறுபது வயது தாண்டிய பெண்ணொருத்தி விமானம் ஏறுகிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். தங்கச்சியின் மகனுக்குக் கலியாணமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவீடு. கொஞ்சம் வசதியும் பக்தியும் இருந்தால் ஐம்பது பேரோடு ஒரு பஸ்ஸில் தமிழ்நாட்டுக் கோயில்கள். இவை ஒன்றும் இல்லாமல், "சும்மா பார்க்கப் போறன்" என்று சொன்னால், எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "ஆரோடை போறியள்?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு வயது 67. ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. போன இலையுதிர் காலத்தில் 17 நாட்கள் ஜப்பானின் வடக்கில் ரயிலில் சுற்றினேன், தனியாக. மகள் கேட்டாள், மகன் கேட்டான், கோயிலில் பூமாலை கட்டும் அக்கா கேட்டா. ரிக்கெற் போடப் போன இடத்தில் பயண முகவர், "மற்றப் பயணியின்ர பெயர்?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார். மற்றப் பயணி செத்து ஐந்து வருடம் என்று சொன்னேன். அவர் பாவம், அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஏன் ஜப்பான், அதிலும் ஏன் வடக்கு? ரயிலுக்காக. நான் கொக்குவில் ஸ்ரேசனுக்குக் கிட்ட வளர்ந்தவள். யாழ்தேவி 1990இல் நின்றதும், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போனதும் என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபரில் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நான் இங்கே வேலையில் நின்று போனில் வீடியோ பார்த்தேன். நின்றுபோன ரயில் திரும்பி வந்த இன்னொரு கரையைப் பார்க்க வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை. அதுதான் சன்ரிக்கு ரயில்பாதை.

ரோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஹச்சினோஹே. அங்கே மாறி, கடற்கரையோரமாகக் குஜி. குஜியிலிருந்து தெற்கே ஓடுவதுதான் சன்ரிக்கு. 2011 மார்ச் 11 சுனாமியில் இந்தப் பாதையின் பாலங்களும் ஸ்ரேசன்களும் அடித்துப் போயின. ஆனால் ஐந்தாம் நாளே, மிஞ்சியிருந்த ஒரு சிறு துண்டில், குஜிக்கும் ரிக்குச்சூ-நோதாவுக்கும் இடையில் ரயிலை ஓடவிட்டார்கள். முழுப்பாதையும் திரும்ப 2014 ஏப்ரல் ஆனது. 2019இல் நடுவிலிருந்த இன்னொரு துண்டையும் சேர்த்து 163 கிலோமீற்றர் நீளமான ஒரே பாதையாக்கினார்கள். அதே வருடம் புயல் வந்து மறுபடி உடைத்தது. 2020 மார்ச்சில் மறுபடி கட்டிவிட்டார்கள்.

ஒரு பெட்டி, ஒரு சாரதி. ஏறும்போது சின்னச் சீட்டு ஒன்றை இழுத்தெடுக்க வேண்டும். இறங்கும்போது அந்தச் சீட்டின் இலக்கத்துக்கு நேரே முன்பலகை காட்டும் காசைச் சாரதிக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் போட வேண்டும். கடல் வடிவாகத் தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். பல இடங்களில் கடலுக்கும் உங்களுக்கும் நடுவே உயரமான புதுச் சுவர்.

அந்தப் பெட்டியில் எனக்கு எதிரே எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, தள்ளுவண்டி ஒன்றோடு இருந்தார். மொழிபெயர்க்கும் செயலியை நீட்டிப் பேசினோம். மியாகோவில் வைத்தியரைப் பார்க்கப் போகிறாராம், மாதத்தில் இரண்டு தரம். "ஆரோடை?" என்று கேட்க எனக்கே வாய் வந்தது! எங்கள் ஆட்களின் கேள்வி அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது. அவர் தனியத்தான் போகிறார், தனியத்தான் வருகிறார். அவரை ஒருவரும் துணிச்சல்காரி என்று சொல்லவில்லை. அது அவருக்கு இன்னொரு செவ்வாய்க்கிழமை.

நான் படம் போட்டபோது முகநூலில் "சிங்கப்பெண்" என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தச் சொல்லில் எனக்கு எரிச்சல். நான் செய்ததில் வீரம் ஒன்றுமில்லை. ஷெல்லுக்கு நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளாலிக் கடல் கடந்த பெண்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலரை இன்று பிள்ளைகள் தனியாக பஸ் ஏற விடுவதில்லை. பெண்ணைச் சிங்கம் என்று புகழ்ந்தால் அவளுக்கு என்ன வசதி வேண்டும் என்று யோசிக்கிற வேலை மிச்சம்.

வடக்கு ஜப்பானில் அந்த வசதி இருக்கிறது. பெரிய பெட்டியை ஹோட்டலிலேயே கொடுத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடுத்த ஹோட்டலில் நிற்கும், 'தக்கியூபின்' என்பார்கள். எனக்குத் தோளில் ஒரு பையோடு வேலை முடிந்தது. கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம் 50 வயது தாண்டிய உள்ளூர்க்காரருக்கென்றே ஒரு பயண மன்றம் நடத்துகிறது. அதன் விளம்பர முகமாகப் பல வருடங்கள் இருந்தவர் 1945இல் பிறந்த நடிகை யொஷினாகா சயூரி. சுவரொட்டியில் ஏதோ ஒரு வடக்கு ஊரில் தனியாக நிற்பார். கையில் பேரப்பிள்ளை இல்லை, பக்கத்தில் புருசன் இல்லை. எங்கடை தொலைக்காட்சி விளம்பரத்தில் எழுபது வயதுப் பெண் எதற்கு வருவா? மூட்டுவலித் தைலத்துக்கு.

தனியாக வருகிறவரைக் குறிக்க அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: 'ஒஹிதோரிசாமா'. 'ஒருவர்' என்பதற்கு முன்னால் ஒரு மரியாதை, பின்னால் ஒரு மரியாதை. நாங்கள் 'தனிக்கட்டை' என்போம். சும்மா ஜப்பானைப் புகழ நான் வரவில்லை. ஒருவருமில்லாத வீட்டில் செத்துக் கிடப்பதற்கும் 'கொதொகுஷி' என்று தனிச்சொல் வைத்திருக்கிற நாடு அது. அக்கித்தா மாநிலத்தில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் 65 தாண்டியவர்கள். இந்த வசதிகளில் பாதிக்குக் காரணம் கருணை இல்லை, கணக்கு.

மியாகோவுக்குத் தெற்கே ஒட்சுச்சி. அங்கே ஒரு குன்றில், ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில், வெள்ளைத் தொலைபேசிக் கூடு ஒன்று நிற்கிறது. உள்ளே பழைய கறுப்புப் போன். கம்பி எங்கும் போகவில்லை. இறந்துபோன உறவினரோடு பேசுவதற்காக 2010இல் அந்தத் தோட்டக்காரர் வைத்தது. சுனாமிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் உள்ளே போனேன். என்ன பேசினேன் என்று எழுதப் போவதில்லை, அது இந்தக் கட்டுரைக்குத் தேவையுமில்லை. தமிழில் பேசினேன். கொஞ்சம் சத்தமாகவே. மகளோ மகனோ வெளியில் நின்றிருந்தால், ஏன், பழகின சிநேகிதி ஒருத்தி நின்றிருந்தால்கூட, நான் அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டேன். "இரண்டு பேராப் போனால் நல்லதெல்லோ" என்பவர்களுக்கு என்னிடமுள்ள பதில் இதுதான். சில அலுவல்களுக்கு இரண்டு பேர் கூட.

கமாயிஷியிலிருந்து மலைக்குள் திரும்பும் ரயில் தோனோ என்ற ஊரைத் தாண்டும். வகாத்தாக்கே சிசாக்கோ என்ற எழுத்தாளரின் ஊர். கணவர் இறந்த பிறகு எழுதத் தொடங்கி, 63 வயதில், முதல் நாவலுக்கே 2018இல் அகுதகவா பரிசு வாங்கியவர். தனியாக இருக்கும் 74 வயதுப் பெண்ணின் கதை. தலைப்பே வடகிழக்குப் பேச்சு வழக்கில், 'நான் தனியாத்தான் போறன்' என்கிற கருத்தில் இருக்கிறது. பட்டினத்தார் சிரிக்கிற பேச்சு அது. கொழும்பில் எங்கடை பேச்சுக்குச் சிரித்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

பயணத்தில் மிக வடிவான நாள் எது என்றால் கொனோ பாதை. அக்கித்தாவிலிருந்து ஜப்பான் கடலோரமாக ஓடும் உல்லாச ரயில். நொஷிரோ ஸ்ரேசனில் சில நிமிடம் நிற்கும். அந்த ஊருக்குக் கூடைப்பந்தாட்டத்தில் பெரிய பெயர் என்பதால் மேடையிலேயே ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். பயணிகள் இறங்கி எறியலாம். சேலை கட்டாத நாள், எறிந்தேன். பந்து வளையத்துக்குக் கிட்டவும் போகவில்லை. ஆனாலும் கை தட்டினார்கள். பிறகு பெட்டிக்குள் இருவர் ஷாமிசென் மீட்டினார்கள், வெளியே கடல். வெள்ளிக்கிழமை, மரக்கறி. ஜப்பானில் மரக்கறிச் சூப்பிலும் மீன் இருக்கும் என்பதால் புளித்த உமெக் காய் வைத்த சோற்று உருண்டை இரண்டோடு நாள் போனது. மறுநாள் ஹகோதாத்தேயில் கணவாயோடு கணக்குத் தீர்த்தேன்.

அங்கே போகும் வழியில் செய்கான் சுரங்கம். 53.85 கிலோமீற்றர், அதில் 23.3 கிலோமீற்றர் கடலுக்குக் கீழே. 1954 செப்ரெம்பரில் ஒரு புயலில் தோயா மாரு என்ற படகு கவிழ்ந்து 1,100க்கு மேற்பட்டோர் செத்த பிறகு வேகமெடுத்த வேலை, 1988இல்தான் திறந்தது. உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, இருட்டு. கிட்டத்தட்ட இருபது நிமிடம் என் முகத்தைத்தான் கண்ணாடியில் பார்த்தேன்.

1878இல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண் இதே வடக்கைக் கடந்து ஹொக்கைடோ போனா, 46 வயதில், முதுகு வருத்தத்தோடு, குதிரையில். இளம் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூடப் போனார். அவவிடமும் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளோடு ஒரு கதை. "அம்மா, ஏதும் நடந்தால் ஆர் பார்க்கிறது?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பயணக் காப்புறுதி எடுத்தேன். குளிசைகளின் பட்டியலை ஜப்பானிய மொழியிலும் அச்சடித்துக் கொண்டுபோனேன். ஒவ்வொரு இரவும் ஒரு செய்தி அனுப்பினேன். நான் எங்கே நிற்கிறேன் என்று எந்த நேரமும் போனில் காட்டுகிற வசதியை மட்டும் போட மறுத்துவிட்டேன். நீங்கள் பத்தொன்பது வயதில் சிநேகிதிகளோடு பார்சிலோனா போனபோது நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. ஆனால் விட்டோம். இரண்டு வருடம் முன்னர் ஸ்காபரோ வீட்டில் நிலக்கீழ்ப் படியில் வழுக்கி விழுந்து, நீங்கள் வேலையால் வரும்வரை நாலு மணித்தியாலம் அங்கேயே கிடந்தேன். ஜப்பானில் விழுந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் ஸ்ரேசன் ஊழியர் வந்திருப்பார்.

எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும். முழங்கால் மோசமென்றால் சின்ன ஸ்ரேசன்களில் படிதான், லிஃப்ட் இல்லை. மறதி நோய் தொடங்கியவரைத் தனியே அனுப்பச் சொல்ல நான் விசரி இல்லை. காசும் வேண்டும். ஆனால் என் முழுச் செலவும் எங்கடை சாமத்தியவீடு ஒன்றின் மண்டப அலங்காரத்தை எட்டாது.

போகிறவர்கள் கெதியாகப் போங்கோ என்பதற்கும் காரணம் உண்டு. ஒரேயொரு பள்ளிப் பிள்ளைக்காக ஹொக்கைடோவில் ரயில் ஓடுகிறது என்ற கதை எல்லோர் வாட்ஸ்அப்பிலும் வந்ததுதானே? அந்தக் கியூ-ஷிரத்தாக்கி ஸ்ரேசன் 2016 மார்ச்சில் மூடியாயிற்று. அந்த ரயிலில் வேறு பயணிகளும் போனார்கள், அது வேறு கதை. அதே வருட நவம்பரில் ஹொக்கைடோ ரயில் நிறுவனம், 1,237 கிலோமீற்றர் பாதையை, அதாவது தன் பாதைகளில் கிட்டத்தட்டப் பாதியை, தனியாகத் தாங்க முடியாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு ஹிதாக்கா பாதையின் பெரும்பகுதி 2021இலும், ஃபுரானோ - ஷின்தொக்கு துண்டு 2024இலும் போய்விட்டன. நாட்டின் வடகோடி ஸ்ரேசனான வக்கனாய்க்குப் போகும் பாதையின் வடபாதியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த ரயிலில்தான் நான் கடைசியாகப் போனேன். மான் குறுக்கே வரும்போதெல்லாம் சாரதி கூவென்று ஊதி வேகத்தைக் குறைப்பார். பெட்டியில் பாதிக்குமேல் இருக்கை வெறுமை. அந்த வைத்தியசாலை அம்மாவைப் போன்றவர்களுக்கு ரயில் நின்றால் பஸ் வரும். பிறகு பஸ்ஸும் குறையும். பிறகு அவர்களிடமும் "ஆரோடை போறியள்?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

எங்கள் முதியோர் கழகத்தில் மூன்று பேர் அடுத்த முறை என்னோடு வரப் போகினமாம். வாங்கோ என்றேன். ஆனால் ஹகோதாத்தே வரைக்கும் ஆளாளுக்குத் தனித்தனி வழியால் வர வேண்டும், அங்கே காலைச் சந்தையில் சந்திப்பம் என்றேன். ஒருத்தி ஓம் என்றிட்டா. மற்ற இரண்டு பேரும் பிள்ளைகளைக் கேட்டுச் சொல்லுகினமாம்.