உலகக் காப்புரிமை உண்டா?

ஒரே விண்ணப்பத்தில் உலகம் முழுவதற்கும் காப்புரிமை பெற்றுவிடலாம் என நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அப்படியொரு காப்புரிமை கிடையாது. 1970-இல் வாஷிங்டனில் உருவாகி, 1998-இல் இந்தியாவும் சேர்ந்த காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம் தருவது கால அவகாசமே. உள்நாட்டில் விண்ணப்பித்த 12 மாதங்களுக்குள் பன்னாட்டு விண்ணப்பம் செய்தால், பிற நாடுகளுக்குரிய கட்டணம், மொழிபெயர்ப்பு, முகவர் செலவுகளை முதல் விண்ணப்பத்திலிருந்து பெரும்பாலும் 30 மாதம் வரை தள்ளிப்போடலாம். அதற்குள் கண்டுபிடிப்பு புதியதுதானா என்ற ஆய்வறிக்கையும் கைக்கு வரும். கூலி வேலை செய்து படிக்கவைக்கும் பெற்றோரின் பிள்ளைகளாகிய எம்போன்றோருக்கு அந்த அவகாசமே பெருஞ்செல்வம் அன்றோ?

ஆனால், விண்ணப்பிக்குமுன் கண்காட்சியில் விளக்கிவிட்டால் பல நாடுகளில் அவ்வுரிமை பறிபோகும். ஆகவே, கண்காட்சி நடத்தும் நம் கல்லூரி, அதற்கு முன்பே விண்ணப்பம் எழுதவும் கற்றுத்தரட்டும். அறிவைக் காட்டுமுன் காப்போம்!