வண்டி நம்பரைக் கேளுங்கள்!

வரன் பார்க்கும்போது நாம் விசாரிக்காமல் விடுகிற விஷயம் உண்டா? பையனின் தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததா என்பது வரையில் துருவி எடுத்துவிடுகிறோம். ஆனால் பத்து வருஷக் குடித்தனத்தின் பீரோ, கட்டில், பாத்திரம் பண்டம் அத்தனையையும் முன்பின் தெரியாத ஒரு லாரியில் ஏற்றி அனுப்பும்போது கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "வாடகை எவ்வளவு?"

சென்ற மாதம் அதிராம்பட்டினத்துக்குப் போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த சிநேகிதியின் ஊர் அது. வளைகுடா நாட்டில் வேலையாயிருந்த அவளுடைய கணவர் திரும்பி வந்து, சென்னையில் கடை வைத்திருக்கிறார். வீட்டுச் சாமான்களை அங்கே அனுப்ப வேண்டும். கைப்பேசியில் தேடி ஒரு கம்பெனியைப் பிடித்திருந்தாள். பளபளவென்று லாரிப் படம், சிரித்த முகத்துடன் சீருடை ஆட்கள், "இன்ஷூரன்ஸ் உண்டு" என்ற வாசகம். வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்ற லாரியில் அந்தக் கம்பெனியின் பெயர் மருந்துக்கும் இல்லை! வேறு யாருடைய பெயரோ எழுதியிருந்தது. டிரைவரைக் கேட்டால், "புக்கிங் ஆபீஸ் மூலமா வந்தேம்மா" என்றார்.

இதில் மோசடி ஒன்றுமில்லை. லாரித் தொழிலே பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நம்மிடம் பணம் வாங்குகிறவர் ஒருவர், லாரிக்குச் சொந்தக்காரர் ஒருவர், நடுவில் தரகர் ஒருவர். ஆகையால் கம்பெனியின் கீர்த்தியை விசாரித்து என்ன பயன்? பிரேக் பிடிக்க வேண்டியது லாரிக்கு அல்லவா?

அமெரிக்காவில் மாகாணம் விட்டு மாகாணம் போகும் லாரிக் கம்பெனிகளுக்கு ஒரு சர்க்கார் எண் உண்டு. அது லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால், அந்தக் கம்பெனியின் வண்டிகள் எத்தனை விபத்தில் சிக்கின, சோதனையில் எத்தனை வண்டிகள் நிறுத்தப்பட்டன என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனியின் ஜாதகத்தை அப்படிப் புரட்டிப் பார்க்க நமக்கு இங்கே வழியில்லை. ஆனால் வண்டியின் ஜாதகத்தைப் பார்க்கலாம். மத்திய சர்க்காரின் 'பரிவாஹன்' தளத்திலோ, 'எம்-பரிவாஹன்' செயலியிலோ நம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நுழைந்து, வண்டி நம்பரைத் தட்டினால் போதும். பதிவான தேதி, தகுதிச் சான்று எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும்.

தகுதிச் சான்று என்றால் லாரிக்காரர்களுக்கே புரியாது. 'எஃப்.சி.' என்று சொல்லுங்கள். எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷா வருஷம் வண்டியைக் காட்டி வாங்க வேண்டியது அது. பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் பார்த்த பிறகு கொடுப்பது. இன்னொரு அடையாளமும் உண்டு. வாடகை வண்டி என்றால் நம்பர் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி வாடகைக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திண்ணையில் உட்கார்ந்தபடியே என் சிநேகிதி நம்பரைத் தட்டினாள். எஃப்.சி. காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது!

சில சமயம் புதுப்பித்தது தளத்தில் ஏறத் தாமதமாகலாம். அதனால், "தம்பி, காகிதம் இருந்தா காட்டுங்க" என்று கேட்டாள். அவர் எடுத்துக் காட்டியதும் அதே பழைய சான்றுதான்.

"ஓனர் விடறேன் விடறேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கார்மா. நான் என்ன பண்றது?" என்றார் டிரைவர். பாவம், அந்த பிரேக்கை நம்பி ராத்திரி முழுதும் சென்னைச் சாலையில் போக வேண்டியவர் அவர்தானே! அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்தாள். முதலில் கோபித்தார்கள், பிறகு கெஞ்சினார்கள், மூன்று மணி நேரம் கழித்து வேறு லாரி வந்தது.

அந்த மூன்று மணி நேரத்தில் நானும் ஒரு காரியம் செய்தேன். 'இன்ஷூரன்ஸ் உண்டு' என்றார்களே, எதற்கு என்று கேட்டேன். லாரிக்காம்! சட்டப்படி லாரிக்குக் கட்டாயமான இன்ஷூரன்ஸ், அது மோதி அடிபடுகிற மூன்றாம் மனிதருக்காக. உங்கள் பீரோவுக்கு அதில் ஒரு காசு கிடையாது. சாமானுக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

பார்சல் ஆபீஸில் பட்டுப்புடவை மூட்டை போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, எல்லாரிடமும் சரக்கு வாங்கி அனுப்புகிற கம்பெனி பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பதிவு பத்து வருஷம் செல்லும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேளுங்கள். சாமான் தொலைந்தால் அவர்களுடைய பொறுப்பு, சாதாரணமாக, வாடகையைப் போல் பத்து மடங்குதான். எண்ணூறு ரூபாய் கொடுத்து அனுப்பிய மூட்டையில் அரை லட்சத்துக்குப் புடவை இருந்தாலும் கிடைப்பது எண்ணாயிரத்துக்கு மேல் போகாது! அதற்கு மேல் வேண்டுமானால் முன்கூட்டியே மதிப்பை எழுதிக் கொடுத்து, அவர்கள் கேட்கும் கூடுதல் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வழக்குப் போடுவதாயிருந்தால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுது பயனில்லை.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாத்திரங்களுக்குப் பழந்துணி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கிராமம். மற்ற நாட்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்.

"எங்களை ஏத்திக்கிட்டுப் போற குட்டியானைக்கும் இதுல பார்க்கலாமா?" என்று கேட்டு, நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.

தட்டினேன். எஃப்.சி. இருந்தது. இன்ஷூரன்ஸும் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கில்ல?" என்றார், திருப்தியோடு.

சரிதான், சரக்குக்கு! குட்டியானை சரக்கு வண்டி. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட ஏறினால் அது வேறு. சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறினவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று, 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வண்டிக்காரரிடம் வழக்காடித்தான் வாங்க வேண்டும். அவரிடம் இருப்பதோ அந்தக் குட்டியானை ஒன்றுதான்.

முடிந்த மட்டும் எளிதாக எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒரு நடைக்கு இருபது பேர் போறோம்மா" என்றார் பிறகு.

"வேன் வைக்கச் சொல்லிக் கேளுங்களேன்" என்றேன்.

"நாங்க கேட்டா, நாளைக்கு வேற ஊர் ஆளைக் கூட்டிக்குவாரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.