அலமாரியை அப்புறப்படுத்துமுன்

சென்ற பொதுக்குழுவில் நம் சங்க நூலகத்தின் இரண்டு மர அலமாரிகளையும், அவற்றுள் இருக்கும் புத்தகங்களையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கேரம் போர்டு போடலாமாம். "இப்ப எல்லாமே போன்ல வந்துடுச்சு, யார் சார் புஸ்தகத்தைத் தொடுறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். பலர் தலையசைத்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை. காரணம், மின்னூல் கருவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அன்று வந்திருந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். என் பைக்குள்ளேயே எதிர்க்கட்சி உட்கார்ந்திருந்தது! வீட்டுக்கு வந்து யோசித்தபோது, பேசியிருக்க வேண்டியவனும் நான்தான் என்று பட்டது. அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன். அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் உறுப்பினர்கள் தயவுசெய்து ஒருமுறை படித்துவிட வேண்டும்.

நான் இலக்கியவாதி அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தையும் ஸ்லீப்பரையும் ஜல்லியையும் பார்த்தே பணியை முடித்தவன். டிராலியில் இன்ஸ்பெக்‌ஷன் போகும்போது சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு நாவலும் பையில் இருக்கும். வண்டிக்கு வழிவிட டிராலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நான் படித்த பக்கங்கள் ஏராளம். தென்காசிப் பக்கமிருந்து கேரளத்துக்கு வந்தவனுக்குத் தமிழோடு இருந்த தொடர்பு அதுதான். கேங்மேன்களில் நம்மவர்கள் பலர் இருந்தார்கள். புத்தகம் என்னிடமிருந்து அவர்களுக்குப் போகும், எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும்.

2012-ல் துபாயிலிருந்து மகன் ஒரு மின்னூல் கருவி அனுப்பினான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. விளம்பரமாகவும் ஆக வேண்டாம், புகாராகவும் ஆக வேண்டாம். ஆங்கிலம் அச்சடித்தாற்போல் தெரிந்தது. தமிழ்க் கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஓரிடத்தில், 'க' ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று தடம் புரண்ட கூட்ஸ் வண்டியைப் போலக் கிடந்தது. கணினிக்குள் 'க'வை முதலிலும் உயிர்க்குறியை அதன் பின்னும்தான் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது கருவிக்குள் இருக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலையை அது கற்றிருக்கவில்லை. கருவியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

2016 டிசம்பரில் அமேசான் கம்பெனி தன் கிண்டில் கடையில் தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி நூல்களை விற்கத் தொடங்கியது. கிண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது 2007-ல். ஆக, நம் எழுத்து அந்தக் கடை வாசலுக்கு வந்து சேர ஒன்பது வருஷம் பிடித்திருக்கிறது. நான் ஓய்வு பெற்றதும் புதிய கருவி ஒன்று வாங்கினேன். என் மனைவி அதற்கு வைத்த பெயர் 'சிலேட்டு'. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

இதன் உள்விவகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. திரைக்குள் தலைமயிர் கனத்துக்கு நுண்ணிய உருண்டைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்புலத்தின் திசையை மாற்றினால் வெள்ளை மேலே வரும், அல்லது கறுப்பு மேலே வரும். மேலே வந்தது அங்கேயே நின்றுவிடும். மின்சாரம் வேண்டியது பக்கத்தைப் புரட்டும் அந்த நொடிக்கு மட்டும்தான். நம் ரயில்வேயில் பாயிண்ட் மெஷின் இப்படித்தான். தண்டவாளத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளும்போது மின்சாரம் ஓடும். தள்ளிப் பூட்டிய பிறகு ஓடாது. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. போன் திரையைப் போல உள்ளிருந்து கண்ணில் அடிக்கும் வெளிச்சமும் கிடையாது. எர்ணாகுளத்துக்குப் போட்டில் போகும்போது உச்சி வெயிலில் வைத்துப் படிக்கலாம். வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். "எல்லாம் போனில் இருக்கிறது" என்று சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை: போனில் இருப்பது புத்தகம் மட்டுமல்ல. மாமியார் அழைப்பும், காலை வணக்கம் படமும், ஆதார் எண் கேட்கும் மோசடிக்காரனும் அதில்தான் இருக்கிறார்கள். இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் அதில் படித்தவரை நான் பார்த்ததில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இந்தச் சிலேட்டுக்கு நன்றிக்கடன் பட்ட விஷயம்.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி விழித்திரையைப் பாதித்துவிட்டது. லேசர் சிகிச்சை எல்லாம் ஆகி, இருந்த பார்வையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அச்சுப் புத்தகம் படிக்க முடியாமல் போயிற்று. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கழுத்து வலிதான் கண்ட பலன். கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியில் புடவைக்கு நடுவே பைண்டு செய்த தொடர்கதைகளைக் கொண்டுவந்தவள் அவள். நாலு வருஷம் ஒரு வரி படிக்கவில்லை. டி.வி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வாசித்துக் காட்டினால், "உங்க குரல்ல வந்தியத்தேவன் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி பேசுதான்" என்பாள். ஒரு நாள் சிலேட்டில் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக்கி அவள் கையில் கொடுத்தேன். ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள்தான் வந்தன. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வருது. ஆனா அம்புட்டும் தெரியுதுல்லா!" என்றாள். அன்று இரவு பதினொன்றரை வரை விளக்கு எரிந்தது. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் அப்படி மூன்று மாதத்தில் முடித்தாள். ஐந்து பாகத்தையும் மடியில் வைத்துத் தூக்க இன்று அவளால் முடியாது. இது சுமார் 200 கிராம். ஆகவே, கருவி வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நம் சங்கத்தில் கண் பார்வை மங்கிய மூத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பேத்தி கதை வேறு. அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் மலையாளமும் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. இங்கே ஜூன் 19, பி. என். பணிக்கர் நினைவாக வாசிப்பு தினம். கேரளத்தின் கிராமம்தோறும் நூலகம் வளர உழைத்த மனிதர். அன்று தாய்மொழிப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். குழந்தை வந்து, "தாத்தா, என் தாய்மொழி எது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. பாட்டியின் பெரிய எழுத்துச் சிலேட்டில்தான் தொடங்கினோம். மலையாள எழுத்து தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு கஷ்டமில்லை. சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆனால் அங்கே நாலு 'க' இருக்க இங்கே ஒன்றுதான் என்பதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "இது எந்த க?" என்று சொல்லுக்குச் சொல் கேட்டாள். 'கோவில்பட்டி' என்ற ஊர்ப்பெயர் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். வாசிப்பு தினத்துக்குள் ஒரு பக்கம் தேறிவிட்டது. இங்கே ஒன்றைக் கவனித்தேன். சிலேட்டில் வாசித்தாளே தவிர, பள்ளிக்கூடத்துக்குக் காகிதப் புத்தகம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அட்டையைக் காட்ட வேண்டுமாம். நம் சங்க அலமாரியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

இனி குறைகள். காசு கொடுத்து மின்னூல் வாங்கினால் அந்தப் புத்தகம் நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். கடைக்காரர் விதிகளைப் படித்தால், நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலை, உரிமையில்லாத ஒருவர் கடையில் ஏற்றியிருந்தார் என்பதற்காக, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிற்பாடு மன்னிப்பும் கேட்டார்கள். அரசாங்கம் பழைய செய்திகளைத் தீயில் போட்டு அழிக்கும் கதை அது; அந்தக் கதைக்கே இப்படி நேர்ந்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அதே கம்பெனி நிறுத்திவிட்டது. என் அப்பா விட்டுப்போன திருக்குறள் உரையை நான் எடுத்துக்கொள்ள யாரையும் கேட்கவில்லை. நான் விட்டுப்போகும் சிலேட்டைத் திறக்கப் பேத்திக்கு என் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். நம் வாட்ஸாப் குழுவில் இன்றும் வாழ்கிற எழுத்தாளர்களின் நாவல்கள் பி.டி.எஃப். ஆக வருகின்றன. நானும் ஒரு காலத்தில் அனுப்பியவன். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனை நாற்பது வருஷம் கேவலமாகப் பார்த்த எனக்கு, இது டிக்கெட் இல்லாத பயணம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. அதற்கு அவசியமும் இல்லை. பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் முதலிய பலருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களும் இந்தியச் சட்டப்படி பொதுச் சொத்து. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருக்கும் நம் மக்கள் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து சங்க இலக்கியத்திலிருந்து தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் செய்த வேலை அது, நம்மைப் போன்றவர்கள். 2013-ல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' நூல்களை எழுத்தாளர்களின் ஒப்புதலோடு இலவசமாகத் தருகிறது. தமிழ் எழுத்து தடம் புரளும் கருவிகளுக்கென்றே ஆறங்குலத் திரைக்கு அளவெடுத்த பி.டி.எஃப்.பும் வைத்திருக்கிறார்கள். அது அப்போதே கண்ணில் பட்டிருந்தால் என் பழைய கருவி பீரோவில் தூங்கியிருக்காது.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நூலக அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, இது மின்னூலாகக் கிடைக்கிறதா என்று பார்த்தேன். மட்டாஞ்சேரிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் ஏற்றத்தின்போது சாக்கடை வழியாக முற்றத்துக்குத் தண்ணீர் வரும் ஊர். ஆடி மாதத்தில் அட்டையின் மேல் பச்சை பூக்கும். கீழ்த்தட்டைக் கரையான் ஒரு கை பார்த்திருக்கிறது. இராமபாணப் பூச்சி மேல்தட்டில். அந்துருண்டை எப்போதோ கரைந்து வாசனை மட்டும் பாக்கி.

பெயர்பெற்ற நாவல்களில் பெரும்பாலானவை மின்னூலாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொடுத்துவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டிங்குகள் இருக்கின்றன. மணியம் வரைந்த படங்களோடு கல்கியில் வந்த அத்தியாயங்கள், கோபுலு வரைந்த சிக்கல் சண்முகசுந்தரத்தோடு விகடனில் வந்த தில்லானா மோகனாம்பாள். என் சிலேட்டில் இருக்கும் பதிப்பில் எழுத்து மட்டும்தான். படம் ஒன்றுகூட இல்லை. எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் விளம்பரமும் இல்லை. கீழே பென்சிலால் ஒருவர், "அடுத்த வாரம் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருந்தால் தரவும்" என்று எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயம் வேறொருவர் கையெழுத்தில், ரூல்டு பேப்பரில் முழுவதும் நகலெடுத்துச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது!

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தவை நம் சங்கத்தின் பழைய மலர்கள். யார் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், பொங்கல் விழாவில் யார் பாடினார்கள், எந்தக் கடைக்காரர் எவ்வளவு நன்கொடை கொடுத்தார், நம் குழந்தைகள் எழுதிய நாலு வரிக் கவிதைகள் என்று எல்லாம் அதில் உண்டு. அவற்றை எந்தக் கடையிலும் தேடினேன், இல்லை. எந்த மின்னூலகத்திலும் இல்லை. இருக்காது. நாம் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டால் அன்றோடு முடிந்தது.

என் யோசனை இதுதான். கேரம் போர்டு வரட்டும், தடையில்லை. ஓர் அலமாரியைக் கொடுத்துவிடுவோம். மற்றதைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, காலுக்கு அடியில் செங்கல் வைத்து நிறுத்துவோம். அதில் பைண்டிங்குகளும் மலர்களும், வாழ்கிற எழுத்தாளர்களிடம் ஆண்டுக்குப் பத்து நூல் காசு கொடுத்து வாங்கினால் அவையும் இருக்கட்டும். சங்கச் செலவில் இரண்டு மின்னூல் கருவிகள் வாங்கி, பொதுச் சொத்தான நூல்களை நிரப்பி, கண் மங்கிய மூத்தவர்களுக்கு மாதம் ஒருவராக இரவல் கொடுப்போம். மலர்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து மின்னூலாக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எழுதியவர்களில் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்பது சுலபம். போனை அசையாமல் நிறுத்தப் பழைய டிராலி விளக்கின் கம்பியை வளைத்து ஒரு தாங்கி செய்திருக்கிறேன். பார்க்க விகாரமாக இருக்கும், வேலை செய்கிறது.

ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்கு நூலக அறையில் இருப்பேன். பக்கம் புரட்டிக் கொடுக்க இரண்டு பிள்ளைகள் வந்தால் நல்லது; என் பேத்தி ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டாள். மலர்களின் வரிசையில் 1996 பொங்கல் மலர் மட்டும் காணவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் எங்காவது கிடந்தால் எடுத்து வாருங்கள். படம் பிடித்துக்கொண்டு அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.